ஆஸ்பிரின் ஏன் கூடாது?

டிங்கிக் காய்ச்சல் என்றால் மருத்துவர் சொல்வது நமக்கு மனப்பாடம்: ஆஸ்பிரின் வேண்டாம், பாராசிட்டமால் போதும். 1902இலேயே டிங்கி பற்றிய மருத்துவக் கட்டுரைக்குக் களமான ஊர் பினாங்கு. இரத்தக்கசிவுடன் வரும் கடும் டிங்கி இந்நாட்டில் முதன்முதலாகப் பதிவானதும் 1962இல் இங்குதான். ஆனால், ‘ஏன் ஆஸ்பிரின் கூடாது?’ என்று எத்தனை மாணவர்கள் கேட்டிருப்பார்கள்? நொதித் தடுப்பானை வெறும் வரையறையாகவே படித்துவிட்டுப் போவதுதான் என் குறை.

செல்லின் சவ்வில் உள்ள கொழுப்பு வெறும் சுவர் அல்ல. செய்தி அனுப்பும் பொருளும் அதிலிருந்தே கிடைக்கிறது. செல் தூண்டப்படும்போது சவ்விலிருந்து அராகிடோனிக் அமிலம் பிரிகிறது. சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற நொதி அதை மாற்ற, வலியையும் காய்ச்சலையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாகின்றன. இரத்தத் தட்டுகளிலோ அதே நொதியின் வழியாகத் திராம்பாக்சேன் உருவாகி, தட்டுகளை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கிறது. இந்தச் செய்திகள் கண்ணுக்குத் தெரியாதவை, சில நிமிடங்களில் மறைபவை. எது எந்த வேலையைச் செய்கிறது என்று எப்படி அறிவது?

வீட்டு மின்பெட்டியில் பெயர் எழுதாத சுவிட்சுகள் இருந்தால் என்ன செய்வோம்? ஒன்றை அணைத்துவிட்டு, எந்த அறை இருண்டது என்று பார்ப்போம். தடுப்பான் அந்த வேலையைத்தான் செய்கிறது.

ஆஸ்பிரின் 1899 முதல் விற்பனையில் இருந்தும், அது எப்படி வேலை செய்கிறது என்பது எழுபது ஆண்டுகள் புதிராகவே இருந்தது. 1971இல் லண்டனில் ஜான் வேன், அரைத்த கினிப்பன்றி நுரையீரலில் ஆஸ்பிரினைச் சேர்த்தபோது புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தி குறைந்தது. 1982இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆஸ்பிரின் அந்த நொதியை நிரந்தரமாக முடக்குகிறது என்பது பிறகு தெரிந்தது. இரத்தத் தட்டுக்கு உட்கரு இல்லை; புது நொதியைத் தயாரிக்க முடியாது. அதன் ஆயுளான 7 முதல் 10 நாள் வரை அது சரியாக ஒட்டாது. டிங்கியில் தட்டுகள் ஏற்கெனவே குறைகின்றன. மருத்துவர் ஏன் தடுக்கிறார் என்பது இப்போது புரியும்.

ஆனால் ஒரு சுவிட்ச் இரண்டு அறைகளை இருட்டாக்கவும் கூடும். 1990களின் தொடக்கத்தில் சைக்ளோஆக்சிஜனேஸ் இரண்டு வகை என்று தெரியவந்தது. ஆஸ்பிரின் இரண்டையும் தாக்குகிறது; வயிற்றின் உட்சுவரைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டினும் அதனால் குறைகிறது. எனவே நல்ல ஆய்வாளர்கள் ஒரு தடுப்பானை மட்டும் நம்புவதில்லை. வேறு அமைப்புள்ள இன்னொன்றையும், அந்த நொதியின் மரபணு நீக்கப்பட்ட செல்களையும் வைத்துச் சோதிக்கிறார்கள்.

தேர்வில் ‘தடுப்பான் என்றால் என்ன?’ என்பதைவிட, ‘இந்தத் தடுப்பான் வேறு எதை நிறுத்தியிருக்கலாம்?’ என்ற கேள்விக்கே அதிகப் புள்ளிகள் தர வேண்டும் என்பேன்.