ஊசியும் நூலும்: முயல் காதும் அடம்பன் பூவும்



இம்மாதம் ஒரேயொரு கடிதத்துக்குத்தான் பதில். விஷயம் பெரிது, அதனால் மற்றக் கடிதங்களுக்கு இடமில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடிதம் சாம்பல்தீவிலிருந்து வந்திருக்கிறது. திருகோணமலைப் பட்டணத்திலிருந்து உப்புவெளி தாண்டி நிலாவெளிக்குப் போகும் கடலோரப் பாதையில் உள்ள ஊர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கி வந்தபோது வீடும் வள்ளமும் வலையும் இழந்த குடும்பங்கள் அந்தக் கரையில் பல. கடிதம் எழுதிய சகோதரியின் கணவர் கடலுக்குப் போகிறவர். இவர் வீட்டிலிருந்தபடி குழந்தைச் சட்டைகளும் தலையணை உறைகளும் தைத்துக் கொடுக்கிறார். நிலாவெளிப் பக்கம் வெளிநாட்டார் வந்து தங்கும் காலத்தில் விற்பதற்காகக் கடைக்காரர் ஒருவர் இரண்டு டசன் உருப்படிகள் கேட்டிருக்கிறார். சிறகு முளைத்த தேவதைப் பெண்ணும் பூக்களுக்கு நடுவே நிற்கும் முயல் குட்டியும் வேண்டுமாம். படமும் கொடுத்துவிட்டார்.

"உம்மா உருவம் தைக்கக் கூடாது என்கிறார். மதினி, பிள்ளைகளுக்குத்தானே, பரவாயில்லை என்கிறார். இந்தக் காசில்தான் மகளின் டியூசன் பணம் கட்ட வேண்டும். நான் என்ன செய்ய, ராத்தா?" என்று முடித்திருக்கிறார்.

இந்தக் கேள்வி பழையது. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் ஒரு மனிதர் வந்து, என் பிழைப்பே கைவேலைதான், இந்த உருவங்களைத்தான் செய்கிறேன் என்று சொன்ன செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. உருவம் செய்வது பற்றிய எச்சரிக்கையை அவர்கள் முதலில் எடுத்துச் சொன்னார்கள். அந்த மனிதர் முகம் வெளிறிப் போனார். உடனே, செய்துதான் ஆக வேண்டுமென்றால் மரங்களையும் உயிரில்லாதவற்றையும் செய்யுங்கள் என்று வழிகாட்டினார்கள். தொழிலை விட்டுவிடு என்று சொல்லவில்லை, தொழிலுக்குள்ளேயே ஒரு வழி காட்டினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

துணி சம்பந்தமான வேறு மூன்று செய்திகளும் நாம் அறிந்தவைதான். ஆயிஷா (ரலி) அவர்கள் வீட்டில் உருவங்கள் உள்ள திரைச்சீலை தொங்கியது. நபி (ஸல்) அவர்கள் அதை விரும்பவில்லை. அன்னையார் அதை வெட்டித் தலையணைகளாக்கினார்கள். இன்னொரு முறை, கரைவேலை செய்த போர்வையொன்றை அணிந்து தொழுத நபி (ஸல்) அவர்கள், தொழுகையில் அது கவனத்தை இழுத்ததால் அதை அபூ ஜஹ்மிடம் திருப்பிக் கொடுத்து, அவருடைய சாதாரணப் போர்வையை வாங்கி வரச் சொன்னார்கள். மூன்றாவது, அபூதாவூதில் வருவது. அன்னையாரின் விளையாட்டுப் பொருட்களுக்கு நடுவே ஒரு குதிரை இருந்தது. அதற்குத் துணித் துண்டுகளால் இரண்டு சிறகுகள். குதிரைக்குச் சிறகா என்று கேட்டபோது, சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததைக் கேள்விப்படவில்லையா என்று அன்னையார் திருப்பிக் கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள்.

இவற்றை வைத்து அறிஞர்கள் பல விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் பெரிய இமாமான நவவி அவர்கள், உயிருள்ளவற்றின் உருவத்தைத் துணியில் செய்வதும் கூடாது, அதை உடுத்துவதும் தொங்கவிடுவதும் கூடாது என்றும், மிதிபடும் விரிப்பு, சாயும் தலையணை போன்றவற்றில் இருந்தால் அதைப் பயன்படுத்துவது ஹராம் அல்ல என்றும் எழுதியிருக்கிறார்கள். நிழல் விழாத தட்டையான உருவத்தில் இளக்கம் காட்டியவர்களும் முன்னோரில் உண்டு. சிறு பெண்பிள்ளைகளின் பொம்மைக்குப் பெரும்பாலோர் விதிவிலக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆக, உம்மா சொல்வதற்கும் ஆதாரம் இருக்கிறது, மதினி சொல்வதற்கும் ஓர் ஓரத்தில் இடம் இருக்கிறது. தீர்ப்புச் சொல்வது இந்தப் பக்கத்தின் வேலையல்ல. உங்கள் ஊர் ஆலிமிடம் துணியைக் கையில் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். ஊசி வேலை தெரிந்தவள் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது வேறு. உம்மாவின் மனம் நோகாமலும் கடைக்காரரின் ஓடர் கைநழுவாமலும் தைக்க வழி இருக்கிறது.

முதலில், இந்தத் தேவதையும் முயலும் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொள்வோம். இங்கிலாந்தில் சிசிலி மேரி பார்க்கர் என்ற ஓவியப் பெண்மணி 1923இல் வசந்தகால மலர்த் தேவதைகள் என்று ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். தம் சகோதரி நடத்திய பாலர் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்துத் தேவதைகளை வரைந்தார். அவர்கள் உடுத்திருந்தது பூவிதழ்களை. அந்தப் பூக்களையும் இலைகளையும் உண்மைச் செடியைப் பார்த்து நுணுக்கமாக வரைந்தார். துணிகளில் இன்று காணும் பூத்தேவதைகள் பலவற்றுக்கும் அந்தப் படங்களின் சாயல் உண்டு. சட்டை போட்ட முயல் பியாட்ரிக்ஸ் பொட்டர் என்ற பெண்மணியின் பீட்டர் முயல், 1902இல் கடைக்கு வந்த புத்தகம். கூடையில் வண்ண முட்டையோடு வரும் முயல் வேறு. அது ஜெர்மன் நாட்டுக் கிறிஸ்தவர்களின் உயிர்த்த ஞாயிறு வழக்கம். 1682இலேயே அதைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார்கள். எது எதன் அடையாளம் என்று தெரிந்து தைப்பது நல்லது. இன்னொன்று, பாரசீகக் கதைகளில் பரி என்று வரும் அழகிதான் இந்தத் தேவதைக்கு நம் பக்கத்து உறவு. மலக்குமார்களோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பிள்ளைகள் கேட்டால் அதையும் சொல்லிக் கொடுங்கள்.

கடைக்காரர் கொடுத்த படத்தை அப்படியே பிரதி எடுப்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஒருவர் வரைந்த படத்தின் உரிமை அவர் மறைந்து 70 ஆண்டு வரை நிற்கும். பார்க்கர் மறைந்தது 1973இல். சினிமாக் கம்பெனித் தேவதைகள் பற்றிச் சொல்லவே வேண்டாம். வீட்டுப் பிள்ளைக்குத் தைப்பது ஒன்று, டசன் கணக்கில் விற்பது வேறு. அடுத்தவர் உழைப்பை எடுத்து விற்காமல் இருப்பதும் நம் சம்பாத்தியத்தின் தூய்மையில் சேர்ந்ததுதானே.

அதனால் படத்தை மூடி வைத்துவிட்டு உங்கள் கடற்கரைக்கு ஒரு நடை போய் வாருங்கள். மணலில் படர்ந்து கிடக்கும் அடம்பன் கொடியைப் பாருங்கள். ஆட்டுக் குளம்பு போல நுனி பிளந்த இலை, ஊதா கலந்த ரோசாப் பூ, உள்ளே போகப் போக நிறம் கடுமையாகும். வெளிநாட்டார் தங்கள் ஊர் வசந்தத்தைத் தங்கள் ஊரிலேயே வாங்கலாம். திருகோணமலைக் கரையின் பூ உங்களிடம்தான் கிடைக்கும்.

இனி மூன்று வேலைப்பாடுகள்.

ஒன்று: தேவதை இல்லாத தேவதைத் தோட்டம். மரத்தடியில் ஒரு சின்னஞ்சிறு கதவு, அதன் மேல் தொங்கும் விளக்கு, பக்கத்தில் வெள்ளைப் புள்ளி வைத்த சிவப்புக் காளான், கதவைச் சுற்றி அடம்பன் கொடி. உள்ளே யார் இருக்கிறார் என்பது பார்க்கும் பிள்ளையின் கற்பனைக்கு. உயிர் உருவம் எதுவும் இல்லை என்பதால் உம்மாவுக்கும் மறுப்பிருக்காது. கொடிக்குக் காம்புத் தையல், கதவின் ஓரத்துக்குப் பட்டன்ஹோல் தையல், காளானுக்குச் சாட்டின் தையல், புள்ளிகளுக்குப் பிரெஞ்சு முடிச்சு. அடம்பன் பூவுக்கு நீளமும் குட்டையுமான தையல். நடுவில் கடும் ஊதா தொடங்கி ஓரத்தில் இளம் ரோசாவில் முடியுங்கள். சின்னப் பூக்களுக்கு லேசி டேசி போதும்.

இரண்டு: இலை மறைவில் காது. இரண்டு பெரிய அடம்பன் இலைகள், அவற்றுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் இரண்டு நீண்ட காதுகள். முகமும் இல்லை, கண்ணும் இல்லை. காது ஒன்றரை அங்குலம் இருந்தால் போதும். ஓரத்துக்குப் பின் தையல், உள்ளே இளம் ரோசா நிறத்தில் ஒற்றை இழை. பிள்ளைகளுக்கு முழு முயலை விட இதுதான் பிடிக்கும், ஒளித்துப் பிடிப்பது போல இருக்கும். நிறம் வெள்ளையாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. நம் பற்றைக் காடுகளில் ஓடும் காட்டு முயல் மண்ணிறம், பிடரியில் கறுப்புத் திட்டு. கூண்டு முயலின் குட்டி கண் மூடி, மயிரில்லாமல் பிறக்கும். காட்டு முயல் குட்டி கண் திறந்து, மயிரோடு பிறக்கும். மண்ணிறமும் சாம்பல் நிறமும் ஓர் ஓர் இழை சேர்த்துக் கோர்த்தால் அந்த நிறம் அப்படியே வரும். இதையும் ஆலிமிடம் காட்டும் துணிகளோடு சேர்த்து ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று: துணி முயல். முழு முயல்தான் வேண்டும் என்று கடைக்காரர் பிடிவாதம் பிடித்தால், சட்டையில் வேண்டாம், சிறுமிகள் விளையாடும் பொம்மையாகச் செய்து தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அன்னையாரின் சிறகுக் குதிரை துணித் துண்டில் ஆனதல்லவா? பழைய சாரத்துணி, உள்ளே இலவம் பஞ்சு. கண்ணுக்குப் பொத்தானோ மணியோ வைக்காதீர்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளை பிய்த்து வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும். நூலால் தைத்தது போதும். இதையும் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்த பிறகே தொடங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சில குறிப்புகள். துணியை முதலில் துவைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள், பிறகு சுருங்கினால் வேலை முழுவதும் கோணும். ஆங்கர், டி.எம்.சி. நூல்களில் ஒரு கண்டு 8 மீட்டர், அதில் 6 இழை முறுக்கியிருக்கும். கோட்டு வேலைக்கு 2 இழை, நுணுக்கத்துக்கு 1, பிரெஞ்சு முடிச்சுக்கு 3. நூலை ஒரு முழத்துக்கு மேல் வெட்டாதீர்கள், நீண்டால் சிக்கும், மினுமினுப்பும் போகும். சிவப்பு, ஊதா நூல்களை ஈர வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். சாயம் ஏறினால் அந்த நூல் வேண்டாம். குழந்தைச் சட்டையின் உட்பக்கத்தில் முடிச்சுப் போடாமல், நூல் நுனியைப் பழைய தையல்களுக்குள் செருகி மறையுங்கள். அதன் மேல் மெல்லிய வொயில் துண்டு ஒன்றை வைத்துத் தைத்துவிட்டால் பிள்ளையின் தோல் உராயாது.

கடைசியாகக் காசு விஷயம். பெரும்பாலான சகோதரிகள் ஏமாறுவது இதில்தான். துணியும் நூலும் என்ன விலை என்று மட்டும் கணக்குப் பார்த்து, தம் நேரத்தை எண்ணுவதே இல்லை. ஓர் உதாரணத்துக்கு, ஓர் உறைக்குப் பொருட்செலவு 250 ரூபா, வேலை 4 மணித்தியாலம் என்று வையுங்கள். மணித்தியாலத்துக்கு 200 ரூபா என்றால் கூலி 800, மொத்தம் 1,050. கடைக்காரர் 600 ரூபாதான் தருவேன் என்றால் உங்களுக்கு மிஞ்சுவது 350, அதாவது மணித்தியாலத்துக்கு 87 ரூபா 50 சதம். இந்தக் கணக்கை எழுதி வைத்துக்கொண்டு பேசப் போங்கள். விலை ஏறவில்லையென்றால் வேலையைக் குறையுங்கள். தோட்டம் முழுவதும் வேண்டாம், மூலையில் ஒரு காளானும் இரண்டு பூவும் போதும். கூலியைக் குறைக்காதீர்கள். முதல் உருப்படியை மணி பார்த்துத் தைத்தால் சரியான கணக்குக் கிடைக்கும். இரண்டு டசனையும் தொடங்குமுன் மூன்று மாதிரி தைத்துக் காட்டி, பாதிப் பணத்தை முன்பணமாக வாங்குங்கள். எத்தனை உருப்படி, என்ன விலை, எந்தத் திகதி என்பதைத் தாளில் எழுதி இருவரும் கையொப்பம் வையுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்வது மார்க்கம் சொல்லித்தந்த பழக்கம்தான்.

இரண்டு டசனும் தனியாளாகத் தைத்து முடிக்கக் கிழமைக்கணக்கில் ஆகும். அயலில் ஊசி பிடிக்கத் தெரிந்த மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் தமிழ்ச் சகோதரிகளாக இருந்தாலும் சரி, நம்மவர்களாக இருந்தாலும் சரி. ஊரில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் இருந்தால் அங்கும் ஒரு சொல் சொல்லி வையுங்கள், விற்பனைச் சந்தை ஏதும் நடந்தால் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

சகோதரி, முதல் மாதிரியைத் தைத்ததும் கடைக்காரருக்குக் காட்டுமுன் உம்மாவின் கையில் கொடுங்கள். அந்தச் சின்னக் கதவைப் பார்த்து அவர் என்ன சொன்னார் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அல்லாஹ் உங்கள் கையிலும் ரிஸ்கிலும் பரக்கத் செய்வானாக.