பொம்மை ரயிலில் பிழைத்த விளம்பரம்

சுமார் நூறு வருடங்களுக்கு முன்பு அமெரிக்காவில் இறைச்சி, பீர், வெண்ணெய் ஆகியவை பனிக்கட்டி வைத்துக் குளிரூட்டிய ரயில் பெட்டிகளில்தான் ஊர் ஊராகப் போயின. பெட்டியின் பக்கவாட்டில் கம்பெனியின் பெயரும் சின்னமும் பளிச்சென்ற நிறங்களில் பெரிதாக எழுதப்பட்டிருக்கும்.

சிக்கல் அங்கேதான் வந்தது. ஒரு கம்பெனியின் பெயர் எழுதிய பெட்டியில் போட்டிக் கம்பெனி தன் சரக்கை ஏற்றுமா? பெட்டிகள் காலியாகத் திரும்பின. போதாக்குறைக்கு, விளம்பரத்தைச் சாக்கிட்டு வாடகையில் மறைமுகத் தள்ளுபடியும் நடந்தது. 1934-ல் அரசு ஆணையம் இதற்குத் தடை போட்டது.

நிஜ ரயிலில் அழிந்த விளம்பரம், பொம்மை ரயிலில் பிழைத்துக்கொண்டது. நியூயார்க்கில் 1900-ல் தொடங்கிய லயனல் கம்பெனி, ‘பேபி ரூத்’ மிட்டாய் பெயர் போட்ட குட்டிப் பெட்டிகளை 1930-களிலும் 1950-களிலும் விற்றது. அவை ஏராளமாக விற்றதால் இன்றும் சுலபமாகக் கிடைக்கின்றன. புதிதாகச் சேகரிப்பவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

ஒரே அச்சில் செய்த பெட்டி பல விளம்பரங்களோடு வந்திருக்கும். எனவே, விலையைத் தீர்மானிப்பது எழுத்துதான். ‘மங்கிப்போச்சே’ என்று புதிதாக பெயின்ட் அடித்தால், சேகரிப்பாளர்கள் மத்தியில் மதிப்பு போய்விடும். அழுத்தித் தேய்த்தால் எழுத்தே உரிந்துவிடும். மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். அது வந்த அட்டைப்பெட்டியும் இருந்தால், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதற்கும் விலை உண்டு!