தூக்குப்போசி இல்லாமலும் நடக்கலாம்

எங்க ஊர்ப்பக்கம் ஒரு பொம்பளை ரோட்டுல நடந்து போறான்னா கையில ஏதாவது இருக்கணும். தூக்குப்போசியோ, புல்லுக்கட்டோ, ரேஷன் பையோ, எதுவானாலும் சரி. அறுபது வயசு அம்மா வெறுங்கையை வீசி நடந்தா "எங்கீங்க்கா போறீங்க?"ன்னு நாலு பேர் கேப்பாங்க. "சும்மா நடக்கறேன்"னு பதில் சொல்லிட்டா போச்சு. "மருமக வந்துட்டா, இனி அவளுக்கென்ன, வேலையத்துப் போய் நடக்கறா"ன்னு மறுநாளே பேச்சு வரும். டாக்டர் சொல்லி ஆரம்பிச்ச நடை ஒரே வாரத்துல நின்னு போறதுக்கு, முழங்கால் வலியை விட இந்தப் பேச்சுதான் பெரிய காரணம்கிறது என்னோட கணிப்பு.

டவுன்ல இருக்கிற உங்கள்ல பல பேர், "ஊர்ல இருக்கிற அம்மாவுக்கு எதுக்கு வாக்கிங்? நாள் முழுக்க காட்டுலதானே நிக்கிறாங்க"ன்னு நினைக்கிறீங்க. இருபத்தஞ்சு வருசத்துக்கு முந்தி அது சரி. இப்ப குழாய் வாசலுக்கே வந்துடுச்சு. சொட்டுநீர் போட்ட பிறகு மடை திருப்ப ஆள் வேண்டாம். மோட்டாரை செல்போன்லயே போடறோம். மாட்டை யாரும் மேய்ச்சலுக்கு ஓட்டறதில்ல, கோ-4 புல்லை அறுத்து மெஷின்ல நறுக்கிக் கட்டுத்தரையிலயே போடறோம். களை எடுக்கிறதும் பூக் கட்டறதும் உக்காந்த இடத்து வேலை. சந்தைக்குப் பேரன் வண்டியில கொண்டு போய் விட்டுடறான்.

இதையெல்லாம் குறையா சொல்லல. குடத்தைச் சுமந்து இடுப்பு ஒடிஞ்ச காலம் திரும்ப வரவே வேண்டாம். ஆனா நடை போச்சே தவிர சோறு குறையல. ராகியும் கம்பும் இருந்த வட்டல்ல இப்ப மூணு வேளையும் அரிசிதான். 2023ல வெளியான ஐ.சி.எம்.ஆர். கணக்குப்படி நாட்டுல 10.1 கோடிப் பேருக்குச் சக்கரை நோய். அதுல எங்க ஊர் அம்மாக்களும் இருக்காங்க.

பொம்பளைங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மாதவிலக்கு நின்ன பிறகு ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைஞ்சுடுது. இடுப்புலயும் தொடையிலயும் தங்கின கொழுப்பு வயித்துக்கு நகருது. எல்.டி.எல்.ங்கிற கெட்ட கொழுப்பு ஏறுது. நாப்பது வயசுல தின்ன அதே சோத்தை அம்பத்தஞ்சுலயும் தின்னா ரத்த ரிப்போர்ட் வேற மாதிரி வர்றது இதனாலயும்தான். அந்தம்மா வாயைக் கட்டலைன்னு திட்டறதுக்கு முன்னாடி இதை யோசிக்கணும்.

சரி, நடந்தா ரத்தத்துல என்ன மாறுது?

முதல்ல சக்கரை. ரத்தத்துல இருக்கிற சக்கரை தசைக்குள்ள போக இன்சுலின்தான் வழக்கமா கதவைத் திறந்துவிடணும். குண்டா இருக்கிற உடம்புல அந்தக் கதவு துருப்பிடிச்ச மாதிரி, லேசுல திறக்காது. நடக்கிறப்ப தொடையும் கெண்டைக்காலும் சுருங்கி விரியுது பாருங்க, அந்த அசைவே இன்சுலின் இல்லாம வேறொரு கதவைத் திறந்துவிடுது. நடந்து முடிச்ச பிறகும் ஒரு நாள், ரெண்டு நாளைக்கு இன்சுலின் நல்லா வேலை செய்யும். அப்புறம் பழையபடி ஆயிடும். அதனால ஞாயித்துக்கிழமை மட்டும் ஆறு கிலோமீட்டர் நடக்கிறதை விட, தினமும் அரை மணி நேரம் நடக்கிறதுதான் பலன் தரும். சொட்டுநீர்ப் பாசனம் மாதிரி, கொஞ்சமா ஆனா விடாம. ரெண்டு நாளுக்கு மேல தொடர்ந்து விடக் கூடாது.

அடுத்தது டிரைகிளிசரைடு. தேவைக்கு மேல தின்ன சோத்தைக் கல்லீரல் கொழுப்பா மாத்தி ரத்தத்துல அனுப்புற சரக்கு இது. நடக்கிற தசை இதை எடுத்து எரிக்கும், அதனால விடாம நடக்கிறவங்களுக்கு இது குறையும். நல்ல கொழுப்புங்கிற ஹெச்.டி.எல். மெதுவா, கொஞ்சமாத்தான் ஏறும். எல்.டி.எல். மட்டும் வெறும் நடைக்குப் பெருசா அசையாது. அதனால "நான்தான் நடக்கறேனே"ன்னு கொழுப்பு மாத்திரையைத் தானா நிறுத்தறது தப்பு.

இத்தனை மாறினாலும் எடை பெருசா குறையாமப் போகலாம். பல பேர் விட்டுடற இடம் இதுதான். ரெண்டு மாசம் நடந்துட்டு மெஷின்ல ஏறி நின்னா அதே 74 கிலோ. "நடந்தும் பிரயோசனமில்ல"ன்னு உக்காந்துடறாங்க.

பால் சொசைட்டியில உங்க மாடு எத்தனை கிலோன்னு யாராவது கேட்டிருக்காங்களா? பால்ல கொழுப்பு எவ்வளவு, எஸ்.என்.எஃப். எவ்வளவுன்னு பாத்துத்தான் காசு போடறாங்க. அம்மாவுக்கும் அதே கணக்குதான். பாக்க வேண்டியது ரத்தத்தை.

இதுக்கு நம்ம ஊர் ஆதாரமே இருக்கு. சென்னையில டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு செஞ்ச இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006ல வெளியாச்சு. சக்கரை எல்லைக்கோட்டுல நின்ன 531 பேரைப் பாத்தாங்க. சும்மா விட்டவங்கள்ல மூணு வருசத்துல நூத்துக்கு 55 பேருக்கு நோய் வந்துச்சு. சாப்பாட்டைத் திருத்தி, நடக்கவும் வச்ச குழுவுல அது 39. அவங்க எடை பெருசா குறையவே இல்ல, ஆனாலும் நோய் தள்ளிப் போச்சு. அந்த 531 பேர்ல பொம்பளைங்க 110 பேர்தான்ங்கிறதையும் சொல்லணும். ஆராய்ச்சிக்கு வர்றதுலயும் நம்ம பொம்பளைங்க பின்னாலதான்.

வயசாயிடுச்சு, இனிமேல் நடந்து என்னன்னு கேக்கறவங்களுக்கு அமெரிக்காக் கணக்கு ஒண்ணு. 2002ல வெளியான அவங்க தடுப்பு ஆய்வுல, உணவுக் கட்டுப்பாட்டோட வாரம் 150 நிமிசம் நடை மாதிரி உடற்பயிற்சி செஞ்சவங்களுக்கு நோய் வர்றது 58 சதவீதம் குறைஞ்சுது. அறுபது தாண்டினவங்களுக்கு அது 71 சதவீதம். அதிகப் பலன் பெரியவங்களுக்குத்தான்!

நம்ம அரசாங்கம் 2021ல 'மக்களைத் தேடி மருத்துவம்' கொண்டு வந்துச்சு. சக்கரை மாத்திரையும் பிரசர் மாத்திரையும் வீடு தேடி வருது. நல்ல திட்டம், நான் குறை சொல்லவே மாட்டேன். 2023ல மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதையும் வந்துச்சு. ஆனா அங்க போய் நடக்க எங்க ஊர் அம்மா முதல்ல பஸ் ஏறணும். மாத்திரை வீட்டுக்கு வருது, நடை வர மாட்டேங்குது.

என் யோசனை ரொம்பச் சின்னது. ஊர் ஊருக்கு மகளிர் சுய உதவிக் குழு இருக்கு. கடன் தவணைக்குக் கூடற அதே பொம்பளைங்க சாயங்காலம் அரை மணி நேரம் சேந்து நடக்கட்டும். ஒருத்தி போனா வேலையத்தவ. பத்துப் பேர் போனா அது குழு வேலை, யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. நாய்க்கும் பயமில்ல. பள்ளிக்கூட மைதானத்தைப் பிள்ளைங்க போன பிறகு பஞ்சாயத்து திறந்துவிட்டு, ரெண்டு லைட்டும் போட்டா போதும். விடியக்காலை இருட்டுல பாம்பை மிதிக்கிற வேலையும் இல்ல.

முதல் வாரம் பத்து நிமிசம் போதும், பிறகு ஏத்திக்கலாம். பேச முடியணும், பாட்டுப் பாட முடியக் கூடாது, அதுதான் சரியான வேகம். சக்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடறவங்க டாக்டர்கிட்டக் கேட்டுட்டு ஆரம்பிங்க, மயக்கம் வந்தா வாயில போட இனிப்பு ஏதாவது கையில இருக்கட்டும். நெஞ்சு வலிச்சா உடனே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. வெறுங்கால் நடை மட்டும் வேண்டவே வேண்டாம். சக்கரைக்காரங்களுக்குக் கால்ல முள் குத்தினா தெரியாது, தெரியறப்ப புண்ணு ஆழமாயிருக்கும்.

அடுத்த தடவை ஊருக்கு வர்றப்ப ஸ்வீட் பாக்ஸுக்குப் பதிலா அம்மா கால் அளவுக்கு ஒரு நல்ல ஷூ வாங்கிட்டு வாங்க. சேலைக்கு ஷூவான்னு சிரிப்பாங்க, சிரிக்கட்டும். மூணு மாச சராசரி காட்டற ஹெச்பிஏ1சி டெஸ்ட் இப்ப ஒண்ணு எடுங்க, மூணு மாசம் நடக்க வச்சு இன்னொண்ணு எடுங்க. அந்த மூணு மாசமும் போன் பண்றப்ப "சாப்டியாம்மா?"வோட "நடந்தியாம்மா?"வையும் கேளுங்க. மகனோ மகளோ கேக்கறாங்கன்னு சொல்லிக்கிட்டாவது அவங்க வெறுங்கையோட வாசல் தாண்டுவாங்க.