கேட்ஜெட் செத்தாலும் இஎம்ஐ சாகாது!

ஹ்யூமேன் ஏஐ பின் ஞாபகம் இருக்கா? சட்டையில மாட்டிக்கிட்டா, உள்ளங்கையிலயே மெசேஜ் எழுத்தை லேசர் வெளிச்சத்துல காட்டும். ஐடியா நிஜமாவே புதுசு. 2024 ஏப்ரல்ல அமெரிக்காவுல வந்தது. விலை 699 டாலர், அதுக்கு மேல மாசச் சந்தா 24 டாலர். வரி சேர்க்காமலே முதல் வருஷம் 987 டாலர்!

2025 பிப்ரவரி 28-ல கம்பெனி சர்வரை நிறுத்திடுச்சு. அப்புறம் பேட்டரி அளவு காட்டுறதைத் தவிர அது பெருசா எதுவும் செய்யல. பொருள் அனுப்பி 90 நாள் தாண்டினவங்களுக்கு ரீஃபண்டும் கிடையாது.

என்னைக் கேட்டா, சந்தா இல்லாம ஓடாத கேட்ஜெட், அட்வான்ஸ் திரும்பி வராத வாடகை வீடு மாதிரி. ஆசையா இருந்தா கையில இருக்கிற காசுல வாங்குங்க. ‘கம்பெனி மூடினாலும் இது ஓடுமா?’ இதுக்குப் பதில் தெரியாம இஎம்ஐ போடாதீங்க.