கிண்ணம் வந்தது, திடலை யார் திறப்பது?



நெடுநாளாக நெஞ்சை உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றை இன்று எழுதிவிடுகிறேன். படிப்பவர் சிலருக்குச் சினம் வரலாம். வரட்டும். சினத்தோடாயினும் முழுமையாகப் படித்துவிடுங்கள். இதில் நான் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என்னைத்தான்.

அண்மையில் ஒரு மாலை, டெங்கில் பட்டணத்துக் கடையொன்றில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தேன். உணவு கொண்டுசேர்க்கும் வேலையில் இருந்த ஓர் இளைஞன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அருகில் வந்து வணங்கினான். என் பழைய மாணவன். மஞ்சளும் கறுப்புமான தேசியக் குழுவின் ஜெர்சி அணிந்திருந்தான். நலம் விசாரித்தபின் சிரித்துக்கொண்டே கேட்டான்: “ஐயா, அந்த வருசம் நாம கப் ஜெயிச்சப்ப, ஸ்கூல் தொறந்ததும் டீம் எடுக்கிறேன்னு சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?”

எனக்கு நன்றாகவே நினைவிருந்தது. மறந்துவிட்டவன்போல் நடித்தேன்.

அவன் சொன்ன ‘அந்த வருசம்’ 2010. தென்கிழக்காசியக் கிண்ணத்தை மலேசியா முதன்முதலாக வென்ற ஆண்டு. அதன் பயிற்றுநர் நம்மவர், கே. ராஜகோபால். குழுவில் எஸ். குணாளன் இருந்தார், கே. குருசாமி இருந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான், 2009 டிசம்பரில், வியந்தியனில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் இதே ராஜகோபாலின் இளையோர் குழு வியட்நாமை 1-0 என வீழ்த்தி, இருபதாண்டுகளாகக் கைக்கு எட்டாதிருந்த தங்கத்தை மீட்டிருந்தது.

2010 போட்டியின் தொடக்கம் எப்படி இருந்தது என்பதைப் பலரும் வசதியாக மறந்துவிட்டார்கள். டிசம்பர் முதல் நாள் ஜாகர்த்தாவில் இந்தோனேசியாவிடம் 1-5 என உதை வாங்கினோம். அன்று நம் மாமாக் கடைகளில் பயிற்றுநருக்கு விழுந்த வசைகளை இங்கே எழுத முடியாது. அதே மாதம் 26ஆம் நாள், நிரம்பி வழிந்த புக்கிட் ஜாலில் அரங்கில் அதே இந்தோனேசியாவை 3-0 என வென்றோம். சாஃபி சாலி இரண்டு கோல், அஷாரி ஒரு கோல். 29ஆம் நாள் ஜாகர்த்தாவில் 1-2 எனத் தோற்றும், மொத்தக் கணக்கில் 4-2 என்று கிண்ணம் நமதாயிற்று. டிசம்பர் 31 நாடு முழுமைக்கும் பொது விடுமுறை அறிவிக்கப்பட்டது. ஆண்டிறுதி விடுமுறையில் ஏற்கெனவே வீட்டிலிருந்த நம் பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள்.

அதற்குப் பின் என்ன செய்தோம்?

என் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. கிண்ணம் வருமுன் நாம் என்ன செய்தோம் என்பதன்று. கிண்ணம் வந்தபின், ஆட்டமில்லாத அந்த வாரங்களை எதைக்கொண்டு நிரப்பினோம்?

பேச்சைக்கொண்டு நிரப்பினோம். சாஃபி சாலி இந்தோனேசியாவின் பெலித்தா ஜெயா கழகத்துக்குப் போகலாமா, கூடாதா என்று நள்ளிரவு வரை வாதிட்டோம். ஏதோ நம்மிடம் உத்தரவு கேட்டுத்தான் அவர் போகப் போகிறார் என்பதுபோல. ஒரே கோலைக் கைப்பேசியில் நூறுமுறை பார்த்தோம். இரவுச்சந்தையில் போலி ஜெர்சியும் கடைவீதியில் அசல் ஜெர்சியும் வாங்கினோம். ‘நம்ம ராஜகோபால்’ என்று மார்தட்டினோம். அந்தப் பெயரைச் சொல்லி மார்தட்டியவர்களுள் எத்தனை பேர் அந்த விடுமுறையில் தம் பிள்ளையை ஒரு பந்தோடு திடலுக்கு அழைத்துச் சென்றோம்?

நான் அழைத்துச் செல்லவில்லை. பள்ளி திறந்ததும் குழு அமைப்பதாக மாணவர்களிடம் வாக்களித்தேன். ஜனவரியில் பள்ளி திறந்தது. முதல் கூட்டத்திலேயே யு.பி.எஸ்.ஆர். தேர்ச்சி விழுக்காடு பற்றிய பேச்சு வந்தது. மாலை நேரம் கூடுதல் வகுப்புக்குப் போயிற்று. உடற்கல்விப் பாடவேளை கணிதத்துக்குப் போயிற்று. நான் வாய் திறக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு சிறுவர்கள் சில வாரங்கள் சப்பாத்தைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். பிறகு கொண்டு வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களுள் ஒருவன்தான் அன்று கடையில் என்னிடம் சிரித்துக்கொண்டே கேட்டவன்.

அந்த 2011ஆம் ஆண்டின் நடுவில்தான் ‘ஒரு மாணவர், ஒரு விளையாட்டு’ என்னும் கொள்கையைக் கல்வி அமைச்சு அறிமுகப்படுத்தியது. கோப்புகளில் அது செவ்வனே நிறைவேறியது. பெயர்ப்பட்டியல் இருந்தது, வருகைப்பதிவேடு இருந்தது, நிழற்படமும் இருந்தது. ஆட்டம் மட்டும் இல்லை. ஆசிரிய நண்பர்களே, மனத்தைத் தொட்டுச் சொல்லுங்கள், உங்கள் பள்ளியில் வேறு மாதிரியாக நடந்ததா? நடந்திருந்தால் உங்களை வணங்குகிறேன்.

திடலோடு வாழ்ந்த இனம்

நாம் எப்போதும் இப்படி இருந்தவர்கள் அல்லர். 1972இல் மியூனிக் ஒலிம்பிக்குச் சென்ற மலேசியக் குழுவில் எம். சந்திரன் தற்காப்பில் நின்றார். 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்குத் தகுதிபெற்று, புறக்கணிப்பால் போகாமல் நின்றுவிட்ட குழுவின் கோல் காவலர், நீண்ட கைகளால் ‘ஸ்பைடர்மேன்’ என்று நாடே அழைத்த ஆர். ஆறுமுகம். இத்தகையோர் வானத்திலிருந்து குதிக்கவில்லை. அக்காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு திடல் இருந்தது. கோயில் ஒரு பக்கம், பள்ளி ஒரு பக்கம், நடுவில் திடல். பால்மரம் வெட்டி வந்த அப்பா மாலையில் அங்கே ஆடினார். கோட்டுக்கு வெளியே ஓடிய பந்தை எடுத்துக் கொடுத்தே பிள்ளை ஆட்டம் கற்றான். எவரும் கட்டணம் கேட்கவில்லை.

இந்த டெங்கில் வட்டாரத்தையே பாருங்கள். இன்று புத்ராஜெயா நிற்கும் மண்ணில் இருந்தது பிராங் பெசார் தோட்டம். 1990களில் தலைநகர் எழுந்தபோது, அதையும் சுற்றியிருந்த தோட்டங்களையும் சேர்ந்த பாட்டாளிக் குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தாவின் அடுக்குமாடிகளுக்குப் பெயர்க்கப்பட்டன. தனிவீடு கேட்டு அவர்கள் நடத்திய போராட்டம் இருபதாண்டுகளையும் கடந்தது. வீட்டுக்காக நியாயமாகக் குரல் எழுப்பினோம். ஆனால், வீட்டோடு சேர்ந்து போன திடலுக்காக யார் குரல் எழுப்பினோம்? மாடிப்படியும் வாகன நிறுத்துமிடமும் நம் பிள்ளைகளின் திடலாயின. அங்கே பந்து உதைத்தால் கார்க் கண்ணாடி உடைகிறது, கார்க்காரர் கத்துகிறார், பிள்ளை கைப்பேசியோடு கட்டிலுக்குப் போய்விடுகிறான். பிறகு நாமே சொல்கிறோம்: “இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு விளையாட்டுல ஆர்வமே இல்ல.”

சில மறுப்புகள்

“படிப்புதானே நம்மைக் கரையேற்றும்? பந்தா சோறு போடும்?” என்பார் பெற்றோர். நானும் அப்படிச் சொன்னவன்தான். அதே தேர்வுக்காகத்தான் அவர்களின் மாலைகளைப் பறித்தோம். யு.பி.எஸ்.ஆர். தேர்வையே 2021இல் ஒழித்துவிட்டார்கள். பறித்த மாலைகளை அப்பிள்ளைகளுக்கு யார் திருப்பிக் கொடுப்பது? மேலும் நான் எல்லாப் பிள்ளைகளையும் தேசிய ஆட்டக்காரர் ஆக்கச் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு மாலை வியர்க்க ஓடச் சொல்கிறேன். தோற்றபின் எதிரணியின் கையைக் குலுக்கக் கற்கச் சொல்கிறேன். இதை எந்தப் பயிற்றி நூலும் கற்றுத் தராது.

“திடலுக்குப் போனால் கெட்ட சேர்க்கை வரும்; குண்டர் கும்பலில் சேர்ந்துவிடுவான்” என்பார் வேறு சிலர். ஐயா, பெரியவர் இல்லாத திடலில்தான் அந்த அச்சம். ஓர் அப்பாவும் ஓர் ஆசிரியரும் விசிலோடு நிற்கும் திடலைவிடப் பாதுகாப்பான இடம் எது? வேலையில்லாத மாலையைத் தேடித்தான் கும்பல் வருகிறது.

“வென்றவர்கள் கொண்டாடக் கூடாதா?” என்று கேட்கலாம். கொண்டாடுங்கள். நானும் அன்று கண்ணீர் விட்டவன். 2020 ஜூனில் லிவர்பூல் முப்பதாண்டுகளுக்குப் பின் இங்கிலாந்து லீக்கை வென்றபோது கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் இருக்கும் என் நண்பர்கள் மகிழ்ந்ததையும் கண்டேன். நோய்த்தொற்றுக் காலம், கடைகளில் கூடக்கூட வழியில்லை. முந்நூறு வெள்ளி கொடுத்துப் புதிய ஜெர்சி வாங்கி வீட்டிலேயே அணிந்து அமர்ந்தார்கள். தவறில்லை. ஆனால் அந்த லிவர்பூல் குழுவின் வலப்பக்கத் தற்காப்பில் ஆடிய டிரெண்ட் அலெக்ஸாண்டர் ஆர்னல்டு அந்த ஊர்ப் பிள்ளை. ஆறு வயதில் அக்கழகத்தின் இளையோர் பயிற்சியில் சேர்ந்தவர். அவர்கள் தம் தெருப் பிள்ளையை வளர்த்தார்கள். நாம் அவர் பெயர் பொறித்த சட்டையை வாங்கினோம். இதுதான் வேறுபாடு.

பால் வெட்டுமுன் மரம் நடவேண்டும்

பிராங் பெசார் தோட்டத்தைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. 1921இல் தொடங்கிய அத்தோட்டம் நல்ல பால் தரும் மரங்களைத் தேர்ந்தெடுத்து, ஒட்டுக்கட்டிப் புதிய வகைகளை உருவாக்கியதில் பெயர் பெற்றது. ‘பி.பி.’ என்ற எழுத்துகளோடு வழங்கும் ரப்பர் வகைகள் அத்தோட்டத்தின் பெயரைத் தாங்குபவை. நம் பாட்டன் பாட்டிக்குத் தெரிந்த உண்மை இது: நட்ட மரத்தில் கத்தி வைக்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை களை பிடுங்க வேண்டும், உரம் போட வேண்டும், காத்திருக்க வேண்டும்.

ராஜகோபால் செய்ததும் அதுவே. 2009இல் தங்கம் வென்ற இளையோரையே பெரும்பாலும் நம்பி 2010இல் களமிறங்கினார். 1-5 தோல்விக்குப் பிறகும் அவர்களைக் கைவிடவில்லை. கிண்ணம் என்பது வெட்டிய பால். நாமோ பாலைக் கொண்டாடிவிட்டு, மறுநடவை மறந்தோம். 2012இல் அரையிறுதியோடு திரும்பினோம். 2014இலும் 2018இலும் இறுதியாட்டம் வரை போய்த் தோற்றோம்.

2025 செப்டம்பரில் நடந்தது இன்னும் பெரிய தலைகுனிவு. தேசியக் குழுவில் சேர்க்கப்பட்ட வெளிநாட்டில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்களின் தாத்தா பாட்டியர் பிறப்பிட ஆவணங்கள் போலியானவை என்று கூறி, அவர்களுக்குத் தடையும் தேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு அபராதமும் விதித்தது ஃபிஃபா. சங்கம் மேல்முறையீடு செய்தது. அந்த வழக்கின் நுணுக்கம் என் பொருளன்று. எனக்கு வலித்தது வேறு. கடல் கடந்து எவருடைய பாட்டியோ இங்கே பிறந்தாரா என்று தேடுகிறார்கள். பாட்டியும் தாத்தாவும் இந்த மண்ணிலேயே பால் வெட்டிய பிள்ளைகள் டெங்கில் அடுக்குமாடிகளின் கீழே நிற்கிறார்கள். அவர்களைத் தேடி எவரும் வரவில்லை. வெளியாரைக் குறை சொல்லுமுன் கேட்கிறேன்: நாம் வந்தோமா?

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. நாளையே செய்யக்கூடிய மூன்றை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, உடற்கல்விப் பாடவேளையை எந்தக் காரணத்துக்காகவும் வேறு பாடத்துக்குத் தாரைவார்க்காதீர்கள். ஆசிரியர்களாகிய நம் கையிலேயே இருக்கும் உரிமை இது.

இரண்டு, விடுமுறையில் பள்ளித் திடலைப் பூட்டி வைக்காதீர்கள். திடல் இல்லாத சிறு பள்ளிகள் பல உள்ளன என்பதை அறிவேன். அங்கே ஊராட்சித் திடலுக்கு நகராண்மைக் கழகத்திடம் பெற்றோர் ஆசிரியர் சங்கம் எழுதிக் கேட்கட்டும். வாரம் இருமுறை, மாலை ஐந்து முதல் ஆறரை வரை. ஒவ்வொரு முறையும் இரண்டு பெற்றோர் பொறுப்பேற்றால் போதும்.

மூன்று, பிள்ளைக்கு ஜெர்சி வாங்குமுன் பந்து வாங்குங்கள். மகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நான் தொடங்கிவிட்டேன். கடையில் அந்த இளைஞனிடம் நடித்ததை நினைத்து அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் அவனை அழைத்து, மறக்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன், மன்னிப்பும் கேட்டேன். சற்று நேரம் அமைதியாக இருந்துவிட்டு, “என் அக்கா மகன் இப்ப ரெண்டாம் ஆண்டு படிக்கிறான், ஐயா. அவனுக்காச்சும் எடுங்க. புதன்கிழமை எனக்கு வேலை இல்ல, நானும் வர்றேன்” என்றான்.

முதல் புதன்கிழமை ஏழு பிள்ளைகள் வந்தார்கள். அவர்களுள் இருவர் சிறுமியர். இரண்டு சப்பாத்துகளைக் கோல் கம்பமாக நட்டு ஆடினோம். விசில் என் கையில் இருந்தது. மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு அவன் கோல் காத்தான்.

அடுத்த புதனும் வருவோம். உங்கள் ஊர்த் திடலில் யார் இருப்பார்கள்?