சூடு தெரியாத கை



எங்கள் தம்பிலுவிலில் விடியுமுன்பே அடுப்பு மூட்டி இடியப்பம் அவித்து விற்கும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் என் வீட்டிலிருந்து நாலு வளவு தள்ளி இருக்கிறார். 1990 இல் கணவரை இழந்தவர். அதே வருடம் ஷெல் துண்டு ஒன்று அவருடைய வலது மேற்கையையும் கிழித்துவிட்டுப் போனது. அந்தக் கையாலேயே மாக்குழைத்து, உரல் பிழிந்து இரண்டு பிள்ளைகளை ஆளாக்கினார்.

சில வருடங்களுக்கு முன் ஒரு காலையில் இடியப்பம் வாங்கப் போயிருந்தேன். அவர் பானை மூடியைத் திறந்து தட்டுகளை எடுத்தார். சுண்டுவிரல் ஓரம் பெரிதாகப் பொங்கியிருந்தது.

"என்ன புள்ள, விரல் வெந்து கிடக்கு?"

அப்போதுதான் அவரும் பார்த்தார். "எப்ப சுட்டதெண்டு தெரியா டீச்சர். இது ஷெல் பட்ட கைதானே, அப்படித்தான்."

அந்தப் பதிலை நம்பிவிட்டு நான் வீட்டுக்கு வந்திருக்கலாம். யுத்தம் உடம்பில் விட்டுப்போன அடையாளங்கள் நம்மில் பலருக்கு உண்டு. அதனால் உடம்பில் எது வந்தாலும் அந்தக் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். ஆனால் 1990 இல் இருந்தே விரல் மரத்திருந்ததா என்று கேட்டபோது அவர் யோசித்தார். இல்லை, இரண்டு வருடமாகத்தான் என்றார். முழங்கைக்குக் கீழே வெளிறிய படை ஒன்றும் இருந்தது. தேமல் என்று அவர் நினைத்திருந்தார். உள்ளதைச் சொல்கிறேன், முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்த நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தோல் கிளினிக்கில் டொக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் தொடும் இடத்தை விரலால் காட்டச் சொன்னார். மற்ற இடமெல்லாம் காட்டினார். படையின் மேல் தொட்டபோது கை அசையவில்லை. முழங்கையின் உட்புற எலும்புக்குப் பின்னால் ஓடும் நரம்பு கயிறு போலத் தடித்திருந்தது. தொழுநோய்.

அவர் அழவில்லை. "மாந்தீவுக்கு அனுப்பிப் போடுவீங்களா? இனி இடியப்பம் விக்கேலாதா?" என்று இரண்டே கேள்விதான் கேட்டார்.

மட்டக்களப்பு வாவிக்குள் இருக்கும் மாந்தீவின் பெயரைச் சொல்லி எங்கள் அம்மாமார் எங்களைப் பயமுறுத்தியது உங்களுக்கும் நினைவிருக்கும். இந்த நாட்டில் அந்தப் பயம் பழையது. ஒல்லாந்தர் 1708 இலேயே ஹெந்தளையில் தொழுநோயாளருக்கு ஆஸ்பத்திரி கட்டினார்கள். 1901 இல் நோயாளரைக் கட்டாயமாகப் பிரித்து வைக்கும் சட்டம் வந்தது. மருந்து இல்லாத காலம் அது. இப்போது மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே நோயைப் பரப்பும் தன்மை போய்விடுகிறது. சாப்பாட்டாலும் தொட்டுக் கொடுப்பதாலும் இது தொற்றுவதில்லை. மருந்தில்லாத நோயாளியுடன் நீண்ட காலம் நெருங்கி வாழ்ந்தால்தான் தொற்றலாம். அதுவும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரின் உடம்பு இதைத் தானே எதிர்த்துவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு ஒரு கேள்வி விடவில்லை. இந்தக் கிருமி ஏன் நரம்பைத் தேடிப் போகிறது?

நோர்வே நாட்டு ஹான்சன் 1873 இல் கிருமியைக் கண்டுபிடித்தார். ஆனால் அது எப்படி நரம்புக்குள் போகிறது என்பது விளங்க நூறு வருடத்துக்கு மேல் எடுத்தது. விளங்க வைத்த ஆய்வை நியூயோர்க் ரொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் நடத்தியவர் அனுர ரம்புக்கன. ரம்புக்கன என்பது கண்டிப் பாதையில் ரயில் நிற்கும் ஊரின் பெயர் என்று சொன்னால் போதும், அவர் எந்த நாட்டவர் என்று விளங்கிவிடும்.

நம் கைகால் நரம்பிழைகளைச் சுற்றி ஷ்வான் கலங்கள் என்ற கலங்கள் போர்த்தியிருக்கின்றன. அவற்றுக்கு வெளியே மெல்லிய உறை ஒன்று, வளவுக்குக் கிடுகு வேலி போல. அந்த வேலியைக் கலத்தோடு சேர்த்துக் கட்டும் கயிறுதான் லமினின் என்ற புரதம். ஒட்டி வைப்பதே அதன் வேலை. லமினினில் பல வகை உண்டு. நரம்பின் உறையில் இருக்கும் வகை தசையைச் சுற்றியும் இருக்கிறது, தோலின் மேற்பக்கத்து உறையில் இருப்பது வேறு வகை. தொழுநோய்க் கிருமி நரம்பின் லமினினுடைய ஒரு முனையைப் பிடித்துக்கொள்கிறது என்று 1997 இல் ரம்புக்கனவும் கூட இருந்தவர்களும் காட்டினார்கள். அந்தக் கயிற்றைப் பிடித்த கள்ளன் கலத்தின் எந்தப் புரதத்தின் வழியாக உள்ளே ஏறுகிறான் என்பதை 1998 இல் காட்டினார்கள். வேலி கட்டிய கயிறே கள்ளனுக்கு ஏணியாகிவிட்டது.

இந்த ஆய்வு இலேசானதல்ல. தொழுநோய்க் கிருமியை ஆய்வுகூடத் தட்டில் வளர்க்கவே முடியாது. எலியின் பாதத்திலும், அமெரிக்கக் கண்டத்தில் வாழும் ஆர்மடில்லோ என்ற விலங்கிலும்தான் வளர்க்கிறார்கள். (பார்க்க நம் ஊர் அழுங்கு போல இருக்கும், ஆனால் சொந்தமில்லை.) ஒரு கிருமி இரண்டாகப் பிரிய ஏறக்குறைய இரண்டு வாரம் எடுக்கும். அதனால்தான் தொற்றி ஐந்து வருடம், சிலருக்கு இருபது வருடம் கழித்தும் நோய் தெரியவருகிறது. எந்த முகாமில், யாரிடமிருந்து வந்தது என்று தேடிப் பிரயோசனமில்லை.

இதிலிருந்து புது மாத்திரை எதுவும் இன்னும் நம் கைக்கு வரவில்லை. 1983 முதல் இலங்கையில் கொடுக்கும் கூட்டு மருந்துதான் இன்றும். ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம், முழுவதும் இலவசம். ஆனால் நரம்பைப் பிடிக்கும் நோய் என்பதால் முதல் அடையாளமே வலி இல்லாமைதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நோகவில்லையே என்று நாம் பேசாமல் இருந்துவிடுகிறோம். நரம்பு பழுதாகி ஆறு மாதத்துக்குள் வந்தால் பிரட்னிசலோன் மாத்திரையால் பலருக்கு உணர்ச்சி திரும்புகிறது. அதன் பிறகு கடினம்.

கிளினிக் வரிசையில் அக்கரைப்பற்று ராத்தா ஒருவர் எங்களுக்குப் பக்கத்தில் இருந்தார். "சிவப்பா ஒண்ணுக்குப் போகும், தோல் கொஞ்சம் கறுக்கும். பயந்து மருந்த உட்டுராதீங்க புள்ள. நான் முடிச்சிட்டன்," என்றார். டொக்டர் அரை மணித்தியாலம் சொன்னதைவிட அது உதவியது.

உங்கள் உடம்பில் வெளிறிய அல்லது செம்மை படர்ந்த படை இருந்தால் யாரையாவது கொண்டு பஞ்சால் தொட்டுப் பாருங்கள், கண்ணை மூடிக்கொண்டு. சொறியாமல், நோகாமல் இருப்பதுதான் கூடக் கவனிக்க வேண்டியது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்கிலோ காட்டலாம். மிட்வைஃபிடம் சொன்னாலும் வழி காட்டுவார். வீட்டிலுள்ள பிள்ளைகளையும் ஒருமுறை பார்ப்பிக்க வேண்டும்.

அவர் பன்னிரண்டு மாதம் மருந்து குடித்து முடித்தார். படை மங்கிவிட்டது. பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. சுண்டுவிரலுக்கு மட்டும் உணர்ச்சி வரவில்லை, இரண்டு வருடம் பிந்திவிட்டது. இப்போது பானை மூடியைத் திறக்குமுன் இடது கையை ஆவிக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார். பிறகு சீலைத் துண்டை வலது கையில் சுற்றிக்கொண்டு தட்டுகளை எடுக்கிறார். ஏழு மணிக்கெல்லாம் இடியப்பம் முடிந்துவிடுகிறது, நான் பிந்திப் போனால் கிடைப்பதில்லை.