வன்னியின் கூடைப்பந்தாட்டம்: புகழுரையும் உண்மையும்

வன்னிப் பெருநிலப்பரப்பிலே பாடசாலைப் பரிசளிப்பு விழா ஒன்று நடைபெறுமாயின், அங்கே தவறாது கேட்கக்கூடிய சொற்பொழிவு ஒன்று உண்டு. பிரதம விருந்தினர் எழுவார். 1803ஆம் ஆண்டிலே முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றிய பண்டாரவன்னியனை நினைவூட்டுவார். வன்னி மண்ணின் பிள்ளைகள் எத்துன்பத்தையும் தாங்கும் வலிமை படைத்தவர்கள் என்பார். பின்னர் மாகாணப் போட்டியிலே தோற்றுத் திரும்பிய அணியினரை மேடைக்கு அழைத்து, வளம் எதுவுமின்றி இவ்வளவு தூரம் சென்றமையே பெருவெற்றி எனக் கூறி முடிப்பார். சபையோர் கைதட்டுவர். மறுநாள் மாலை அவ்வணி மீண்டும் புழுதியிலே பந்தைத் தட்டத் தொடங்கும்.

இப்புகழுரையை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். துன்பத்தைத் தாங்குதல் உயர்ந்த பண்பாக இருக்கலாம். அதனை நான் மறுக்கவில்லை. ஆயின், துன்பத்தை நீக்கவேண்டிய பொறுப்பிலே இருப்போர் அப்பண்பைப் புகழ்ந்துவிட்டுத் தம் பொறுப்பிலிருந்து நழுவிக்கொள்வாராயின், அப்புகழுரையை நாம் எதற்காக ஏற்கவேண்டும்? கூடைப்பந்தாட்டம் என்னும் ஒரே விளையாட்டை எடுத்துக்கொண்டு இவ்வினாவை ஆராய விழைகின்றேன். கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் இடைப்பட்ட ஊரொன்றின் பாடசாலை அணியிலே நான்கு ஆண்டுகள் ஆடியவள் என்பதைத் தவிர இதனை எழுதுவதற்கு எனக்கு வேறு தகுதி இல்லை.

முதலில் ஆட்டத்தின் இயல்பை நோக்குவோம். 1891ஆம் ஆண்டு மார்கழி மாதத்திலே, அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் நகரிலே, ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்கல்வி ஆசிரியர் இவ்விளையாட்டை வகுத்தார். பனிக்காலத்திலே வெளியே செல்லமுடியாத மாணவர்களுக்காக உள்ளரங்கிலே ஆடுவதற்கென வகுக்கப்பட்டது இது. பீச்சுப்பழக் கூடைகள் இரண்டு மேல்மாடத்திலே மாட்டப்பட்டன, விதிகள் பதின்மூன்று. அவ்விதிகளிலே பந்தைத் தரையிலே தட்டிக்கொண்டு ஓடுதல் இடம்பெறவில்லை. அது பின்னர் வளர்ந்த கலை. பந்து தட்டிய வேகத்திற்கு ஏற்ப எழும் கெட்டியான, சமமான தளம் இருந்தமையாலேதான் அக்கலை வளர்ந்தது. எனவே, இன்று நாம் காணும் கூடைப்பந்தாட்டத்தைத் தளத்தின் பிள்ளை எனலாம்.

இதே விளையாட்டிலிருந்து 1890களிலே இங்கிலாந்தில் பெண்களுக்கெனக் கிளைத்ததே வலைப்பந்தாட்டம். வளையத்தின் உயரம் இரண்டிலும் ஒன்றே: 3.05 மீற்றர். ஆனால் வலைப்பந்தாட்டத்திலே பந்தைத் தட்டிக்கொண்டு ஓடமுடியாது. மூன்று விநாடிக்குள் மற்றவருக்கு எறிந்துவிட வேண்டும். ஆதலால் புல்தரையிலும் மண்தரையிலும் அதனை ஆடலாம். வன்னியின் பாடசாலைகளிலே பெண்பிள்ளைகள் வலைப்பந்து ஆடுவதையும் கூடைப்பந்து ஆடாமையையும் கண்டு, இதற்குக் காரணம் விருப்பமின்மை என்று கருதுவோர் உளர். விருப்பம் அன்று, தரையே காரணம். எங்கள் பாடசாலைக்குப் புதிதாக வந்த ஆசிரியை ஒருவர் கூடைப்பந்தாட்டத்தைத் தொடங்கியபொழுது நாங்கள் வெல்டிங் கடையிலே வளையம் செய்வித்தோம். பலகையைப் பழைய கதவிலிருந்து அறுத்தோம். கம்பத்தை ஊரார் நட்டுத் தந்தனர். இவையெல்லாம் கைகூடின. தரை மட்டும் எங்கள் கைக்கு எட்டவில்லை. மாரியிலே சேறு, கோடையிலே புழுதி. பந்து கல்லிலே பட்டால் ஒருபுறம் பாயும். பூழியிலே விழுந்தால் எழாது கிடக்கும். பந்தைப் பாராமல் எதிராளியைப் பார்த்தபடி தட்டிச் செல்வதே இவ்விளையாட்டின் அரிச்சுவடி. அதனைக் கற்பதற்கு எங்களுக்கு இடமே இருக்கவில்லை.

மண்தரையிலே கூடைப்பந்தாட்டத்திற்கு யாது நேரும் என்பதை உலகம் ஒருமுறை கண்டிருக்கின்றது. 1936ஆம் ஆண்டு பேர்லின் ஒலிம்பிக்கிலே இவ்விளையாட்டு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. ஆட்டங்களை வெளியிலே, டெனிஸ் ஆடும் மண்தரைகளிலே நடத்தினர். இறுதி ஆட்டத்தின்போது மழை பெய்தது. தரை சேறாயிற்று; பந்து எழவில்லை. அமெரிக்கா 19, கனடா 8 என ஆட்டம் முடிந்தது. உலகின் மிகச் சிறந்த இரண்டு அணிகள் சேர்ந்து எடுத்த புள்ளிகள் இருபத்தேழே. அவ்வீரர்களின் திறமைக் குறைவை எவரும் பேசவில்லை, தரையைத்தான் பேசினர். வன்னிப் பிள்ளை சேற்றிலே ஆடித் தோற்றால் மட்டும் திறமையைப் பற்றியும் மனவுறுதியைப் பற்றியும் பேசுவது எந்த நியாயம்?

போருக்குப் பின்னரான வறுமையை அறியாமல் இவள் பேசுகிறாள் என்று சிலர் கூறக்கூடும். 2009ஆம் ஆண்டிலே எங்கள் குடும்பங்கள் செட்டிகுளத்து மெனிக்பாம் முகாமிலே இருந்தன. அம்முகாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரிலேதான். மீளக்குடியேறிய ஊர்களிலே பாடசாலைக்கு முதலில் கூரை வேண்டியிருந்தது, பின்னர் மேசை, கதிரை, பின்னர் ஆசிரியர். அவ்வொழுங்கை எவரும் குறைகூறார். ஆனால் 2012இலே பொருந்திய விடை இன்றும் பொருந்துமா? கட்டடங்கள் எழுந்தன, வீதிகள் காப்பற் வீதிகளாயின, புகையிரதம் 2013இலே கிளிநொச்சிக்கும் 2014இலே யாழ்ப்பாணத்திற்கும் மீண்டும் ஓடிற்று. விளையாடுமிடம் மட்டும் 'அடுத்த கட்டம்' என்னும் பட்டியலிலே நிலையாகக் குடியிருக்கின்றது.

இனி, தளத்தைவிடக் கொடிதான மற்றொன்றைக் கூறவேண்டும். அது போட்டிகளின் கால ஒழுங்கு. வலய மட்டத்திலே வென்ற அணி மாகாண மட்டப் பெருவிளையாட்டுப் போட்டிக்குச் செல்லும். மாகாணத்திலே வென்றால் தேசிய மட்டம். ஏட்டிலே இது நேரான ஏணி. நடைமுறையிலே பல ஆட்டங்களை ஒரே நாளிலே நெருக்கி முடித்துவிடும் வழக்கம் எங்கள் காலத்திலே இருந்தது. நாங்கள் சென்ற ஆண்டிலே அதிகாலை மூன்று மணிக்குப் பேருந்தேறினோம். முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வரை ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர். பரந்தனிலிருந்து யாழ்ப்பாணம் வரை மேலும் ஏறத்தாழ அறுபது. இடைவழியிலே ஏறிய நாங்கள் பாணும் சம்பலும் மடியிலே வைத்து உண்டோம். ஒன்பது மணிக்கு முதல் ஆட்டம், வென்றோம். நண்பகலுக்கு முன் இரண்டாவது, அதுவும் வென்றோம். மூன்று மணிக்கு மூன்றாவது.

கூடைப்பந்து அணியின் பட்டியலிலே பன்னிருவர் இடம்பெறலாம். களத்திலே ஐவர், எஞ்சியோர் மாறி மாறி இறங்குவர். நாங்கள் சென்றது எழுவராக. இரண்டாவது ஆட்டத்திலே ஒருத்திக்குக் கணுக்கால் பிசகிற்று. எதிரணி பன்னிருவருடன் நின்றது. அன்று அது அவர்களுக்கு இரண்டாவது ஆட்டமே. இடைவேளையின்போது நாங்கள் இரண்டு புள்ளிகள் முன்னிலையில் இருந்தோம். அதன்பின் கால்கள் கேட்கவில்லை. களைத்த கால் பந்துக்குப் பிந்தியே செல்லும், பிந்திய கை பந்தைத் தொடாது எதிராளியைத் தொடும், நடுவர் ஊதுவார். ஐந்து தவறு செய்தவர் வெளியேற வேண்டும் என்பது விதி. எங்களுள் இருவர் வெளியேறினர். இறுதி நிமிடங்களை நால்வராக நின்று ஆடினோம். பத்தொன்பது புள்ளிகளால் தோற்றோம். அத்தோல்வி எனக்கு இன்று வலிக்கவில்லை. திரும்பிய பின்னர் எங்களைப் பற்றி எழுதப்பட்ட ஒரு வரியே இன்றும் வலிக்கின்றது: 'இறுதி நேரத்தில் துணிவிழந்தனர்.'

துணிவுக்கும் தசைக்கும் உள்ள வேறுபாட்டை உலகம் நன்கு அறியும். கூடைப்பந்தாட்டத்தைப் பெருந்தொழிலாகவே நடத்தும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலே, பருவகாலத்தின் கடினமான கட்டத்திலும் ஓர் அணி பெரும்பாலும் வாரத்திற்கு இரண்டு ஆட்டங்களே ஆடுகின்றது. பங்குனி மாதத்து நாடளாவிய போட்டியிலே, ஓர் ஆட்டத்திற்கும் அடுத்ததற்கும் இடையே ஒருநாள் ஓய்வு விடப்படுகின்றது. நன்கு உண்டு, நன்கு உறங்கி, மருத்துவரும் உடன்வரப் பெற்ற இளைஞருக்கே அந்த ஓய்வு தேவை என்றால், அதிகாலை மூன்று மணிக்கு எழுந்த பதினேழு வயதுப் பிள்ளைக்கு அது தேவையில்லையா?

எழுவராகச் சென்றது எங்கள் தவறு எனலாம். அதற்கும் காரணம் உண்டு. முல்லைத்தீவு மாவட்டத்தின் பரப்பு 2,617 சதுர கிலோமீற்றர்; யாழ்ப்பாண மாவட்டத்தின் பரப்பு 1,025. ஆனால் 2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கின்படி, யாழ்ப்பாணத்திலே ஐந்து இலட்சத்து எண்பதாயிரத்திற்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். முல்லைத்தீவிலே வாழ்ந்தோர் ஏறத்தாழ தொண்ணூற்றிரண்டாயிரம் பேரே. இரண்டரை மடங்கு நிலத்திலே ஆறிலொரு பங்கிற்கும் குறைந்த மக்கள். பாடசாலைகள் சிறியவை, வீடுகள் தொலைவிலுள்ளவை, கடைசிப் பேருந்து மாலையிலேயே போய்விடும். பயிற்சிக்கு நின்றால் பேருந்து இல்லை. பேருந்தைப் பிடித்தால் பயிற்சி இல்லை. பெண்பிள்ளைக்கு இத்தெரிவு இன்னும் கடுமையானது. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையிலே பெண்கள் பந்தாடிப் பாடும் கந்துகவரி உண்டு என வகுப்பிலே பெருமையோடு படிப்பிக்கின்றோம்; அதே வகுப்பின் மாணவி மாலையிலே பந்தாடிவிட்டு இருட்டிலே வீடு திரும்பினால் ஊர் பேசுகின்றது.

எதிர்வாதங்களைப் பார்ப்போம். திறமை இருந்தால் அது எப்படியும் வெளிவரும் என்போர் தர்ஜினி சிவலிங்கத்தை எடுத்துக்காட்டுவர். யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிலே பிறந்து, இலங்கை வலைப்பந்து அணிக்கு 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளிலே ஆசியக் கிண்ணத்தை வென்று தந்த அப்பெருவீராங்கனையை நானும் போற்றுகின்றேன். ஆயின், அவர் வென்றதைக் காட்டி மற்றவர்களுக்குத் தளம் தேவையில்லை என நிறுவமுடியுமா? தெருவிளக்கிலே படித்து அறிஞரானார் ஒருவர் என்பதற்காகப் பாடசாலைக்கு மின்சாரம் வேண்டாம் என்று எவரேனும் கூறுவாரா?

கிளிநொச்சியிலே விளையாட்டுத் தொகுதி எழுந்துள்ளதே என்பது மற்றொரு வாதம். அது நல்லதே. ஆனால் போட்டி நடத்தும் அரங்கு வேறு, நாள்தோறும் பழகும் முற்றம் வேறு. புதுக்குடியிருப்புப் பிள்ளை பயிற்சிக்காக நாள்தோறும் கிளிநொச்சிக்குச் சென்று திரும்புதல் இயலாது.

விளையாட்டு உயர்தரப் பரீட்சையைக் கெடுக்கும் என்பது மூன்றாவது வாதம். இதனைச் சொல்வோர் பெரும்பாலும் பிள்ளையை மாலை ஐந்து மணிக்கு ரியூசனுக்கு அனுப்புவோரே. இரண்டுக்கும் இடம் கொடுக்கும் நேரசூசியை வகுக்காது விளையாட்டைப் பழிப்பது எளிது. எங்கள் எழுவருள் மூவர் பல்கலைக்கழகம் புகுந்தனர் என்பதை மட்டும் இங்குக் குறிப்பிடுகின்றேன்.

செலவு என்பது நான்காவது வாதம். இது மட்டுமே பொருட்படுத்தத்தக்கது. போட்டியை இரண்டு நாள்களுக்கு நீட்டினால் ஆசிரியர் விடுப்பு, உணவு, தங்குமிடம் ஆகியன வேண்டும் என்பது மெய். எனினும், அச்செலவு ஒரே நாளிலே முடிப்பதனால் இல்லாமற் போவதில்லை. அது பிள்ளைகளின் கால்களிலே சுமத்தப்படுகின்றது. அதுவும் தொலைவிலிருந்து வரும் அணியே அதில் பெரும்பங்கைச் சுமக்கின்றது. யாழ்ப்பாணத்து அணிகள் மீது எனக்கு எவ்விதக் குறையும் இல்லை. எங்களுக்குத் தண்ணீர் தந்தவர்களும், காலுக்குப் பனிக்கட்டி தேடித் தந்தவர்களும் அவர்களே. ஒழுங்கை வகுப்போரை நோக்கியே நான் பேசுகின்றேன்.

வேண்டுவன மிகச் சிலவே. ஓர் அணி ஒருநாளிலே இரண்டு ஆட்டங்களுக்கு மேல் ஆடலாகாது என்னும் விதி வேண்டும். மாகாணத்தின் முதற்சுற்று ஆட்டங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் சுழற்சி முறையிலே நடைபெறவேண்டும். எப்பொழுதும் ஒரே திசையிலேயே பேருந்து ஓடலாகாது. வன்னியின் ஒவ்வொரு கல்விக் கோட்டத்திலும் ஒரு பாடசாலையிலாவது சீமெந்துத் தளம் ஒன்று வேண்டும். கூடைப்பந்தாட்டக் களத்தின் அளவு 28 மீற்றருக்கு 15 மீற்றர். அதனைச் சற்றே நீட்டினால் வலைப்பந்துக்கும் அதுவே போதும். கரப்பந்துக்கும் பூப்பந்துக்கும் அதிலேயே கோடிடலாம். காலபோக அறுவடையின்போது எங்கள் ஊரார் நெல்லைக் காயவைக்க இடமின்றி வீதியோரத்திலே பரப்புகின்றனர். வாகனச் சில்லுகள் அதன்மீது ஏறுகின்றன. பாடசாலை விடுமுறையிலே அத்தளம் நெல்லுக்கும் உதவும். ஊரார் காவல் காக்கும் தளம் உடையாது.

இறுதியாக, இவ்விதழைப் படிக்கும் சக மாணவர்க்கும் விரிவுரையாளர்க்கும் ஒன்று கூறவேண்டும். நம்முள் பலர் நாளை ஆசிரியராகவும் அதிபராகவும் கல்விப் பணிப்பாளராகவும் வன்னிக்குச் செல்வோம். சிலர் அதே மேடைகளிலே பிரதம விருந்தினராக அமர்வோம். அன்று தோற்றுத் திரும்பிய அணியொன்று நம்முன் நிற்கும்போது, பண்டாரவன்னியனை அழைக்குமுன் மூன்று வினாக்களைக் கேட்போமாக: எத்தனை மணிக்குப் புறப்பட்டீர்கள்? எத்தனை பேர் சென்றீர்கள்? அன்று எத்தனை ஆட்டம் ஆடினீர்கள்? இம்மூன்றுக்கும் விடை அறியாது வழங்கும் பாராட்டு எங்களுக்கு வேண்டாம்.

நால்வராக நின்று நாங்கள் ஆடிய அந்த இறுதி நிமிடங்களை எவரேனும் வீரம் எனப் புகழ்வாராயின், அவருக்கு நான் கூறும் மறுமொழி இதுவே: நாங்கள் வீரம் காட்டச் செல்லவில்லை, கூடைப்பந்து ஆடச் சென்றோம். அடுத்த முறை எங்கள் தங்கையர் பன்னிருவராகச் சென்று, உறங்கி எழுந்த கால்களோடு ஆடித் தோற்கட்டும். அத்தோல்வியை அவர்களின் தோல்வி என்று ஏற்றுக்கொள்கின்றேன்.